மூலிகைச் செடிகளின் இலையுதிர்காலக் கவாத்து

குளிர்நாட்டுத் தோட்டங்களில், உறைபனி விழத் தொடங்குமுன் சமையல் மூலிகைச் செடிகளை அளவறிந்து வெட்டிவிடுவது இலையுதிர்காலக் கவாத்து எனப்படும். பிரிட்டனில் இந்த வேலை ஆகஸ்ட் கடைசியில் லாவெண்டரில் தொடங்கி, நவம்பரில் வாடிய புதினாத் தண்டுகளோடு முடிகிறது. எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் ஒரே அளவாக வெட்டித் தள்ளுவோர் உண்டு. தோட்டத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. தண்டு கட்டையாகி நிற்கும் செடியா, குளிரில் மண்மட்டம் வரை மடிந்து வேரில் உயிரை வைத்திருக்கும் செடியா என்று பார்த்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

ரோஸ்மேரி, லாவெண்டர், சேஜ், தைம் ஆகியவை கட்டைத் தண்டுச் செடிகள். இவற்றின் நுனிமொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கிப் பக்கத்தளிர்கள் கிளம்பும். வசந்தத்தில் இது நன்மை. செடி புதராக அடர்ந்து வளரும். இலையுதிர்காலத்தில் இதுவே ஆபத்து. பகல் சுருங்கி வெப்பம் குறையும்போது செடி வளர்ச்சியைத் தணித்து, செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக் குளிருக்குத் தன்னைப் பதப்படுத்திக்கொள்கிறது. பிந்தி வெட்டியதால் துளிர்த்த தளிருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள நீர் உறைந்து, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. தளிர் கருகித் தொங்கும். ஆகவே முதல் உறைபனிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே இவ்வகைச் செடிகளின் கவாத்தை நிறுத்திவிடுவது நல்லது. அதன்பின் சமையலுக்கு இரண்டொரு கொத்து கிள்ளுவதால் கேடில்லை.

லாவெண்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். பூ வாடியதும் பூக்காம்பையும், அதன் கீழே இலையுள்ள தண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டரையும் வெட்டலாம். இலையற்ற பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது அரிது. மூப்படைந்த செடியை இப்படி வெட்டிக் காப்பாற்ற முயல்வதைவிட, போத்து நட்டுப் புதிதாக வளர்ப்பதே மேல். குளிரைக் காட்டிலும், குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரமே லாவெண்டரை அதிகம் கொல்கிறது.

மண்மட்டம் வரை மடிந்துவிடும் புதினா, ஆரிகானோ, லெமன் பாம், டாரகன் போன்றவற்றுக்குத் தளிர் கருகும் அச்சம் இல்லை. மேல்தண்டு மஞ்சளித்ததும் மண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம். இலையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது புதினாத் துருநோய். அந்தத் தண்டுகளை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். திருநீற்றுப்பச்சிலையின் இனமான பேசிலோ வெப்பநாட்டுச் செடி. அதற்குக் கவாத்து பயன்படாது. முதல் உறைபனிக்கு முன்பே முழுதாக அறுத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

சோம்புச் செடியின் காய்ந்த தண்டுகளை வசந்தம் வரை விட்டுவைக்கலாம். அவற்றின் உட்குழலில் பொறிவண்டு போன்ற சிற்றுயிர்கள் குளிரைக் கழிக்கின்றன.

கட்டைத் தண்டுச் செடிகளைக் குறித்த காலத்தில் வெட்டத் தவறியவர்கள் அவற்றை அப்படியே விட்டுவிடுவதே சரி. கடும் உறைபனிக் காலம் கழிந்து புதுத்துளிர் கண்ட பிறகு, வசந்தத்தில் வெட்டிக்கொள்ளலாம்.