மணல்மேடும் அடும்பங்கொடியும்: புயலுக்குப் பின் கடற்கரையை மீட்ட வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகரான பட்டாபிராமில் வாழும் ஒருவருக்குக் கடற்கரை மணல்மேடு தம் வாழ்வோடு தொடர்பற்ற ஒரு பொருளாகத் தோன்றக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பட்டாபிராம் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லை பழவேற்காட்டுக் கடற்கரையாகும். ஆவடி, பட்டாபிராம் வழியாக மேற்கே செல்லும் இருப்புப் பாதை, 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் பாதையாகும். நீராவி எஞ்சின்களின் விறகுத் தேவை பெருகியபோது, அதனை நிறைவு செய்யச் சென்னை மாகாணத்துக் கடலோர மணற்பரப்புகளில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. இன்றும் புறநகர்களில் புதிய வீடுகளுக்குச் சாரம் கட்டும் சவுக்குக் கம்புகள் பலவும் அத்தகைய மணல் நிலத்தில் வளர்ந்தவையே. உள்நாட்டின் தேவைக்காகக் கடற்கரையின் முகம் மாறிய இவ்வரலாற்றை அறியாமல், புயலோ ஆழிப்பேரலையோ வந்து போனபின் கரையில் எதை நடுவது என்னும் வினாவுக்கு விடை காண இயலாது.

மணல்மேடு உருவாகும் முறை

பண்டைத் தமிழர் கடற்கரையை வெறும் மணலாகக் கண்டதில்லை. அலையும் காற்றும் கொழித்துக் குவித்த மணலுக்கு ‘எக்கர்’ எனத் தனிப்பெயர் இட்டனர். ஐங்குறுநூற்றில் நெய்தல் திணைக்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். அவர் போன்ற நெய்தற் புலவர்களின் பாடல்களில் அடும்பு, தாழை, புன்னை, ஞாழல், கண்டல் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. இப்பட்டியல் புலவரின் அழகுணர்ச்சிக்குச் சான்றாவதோடு, இக்கரையின் இயல்பான தாவரங்கள் எவை என்பதற்கும் பழமையான சான்றாகும்.

அலைக்கு மிக அருகில் படர்வது அடும்பங்கொடி. ஆட்டின் குளம்பைப் போலப் பிளந்த இலையும் ஊதாநிற மலரும் கொண்டது. அதன் விதை உப்புநீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைக்க வல்லது. அதனோடு சேர்ந்து வளர்வது, நம் மீனவர் ‘இராவணன் மீசை’ என்றழைக்கும் முட்புல். அதன் விதைகள் முள்நிறைந்த பந்துபோல் திரண்டு, காற்றில் உருண்டோடி மணலில் பரவுகின்றன. கடற்காற்று அடித்து வரும் மணல் இச்செடிகளில் மோதி வேகம் இழந்து அவற்றின் அடியில் படிகிறது. மணல் மூடினால் பிற செடிகள் மடியும். இவையோ கணுக்கள்தோறும் புதிய வேர்விட்டு மேலெழுகின்றன. செடி உயர மணல் உயர்கிறது. மணல் உயரச் செடியும் உயர்கிறது. இவ்வாறு கட்டப்பட்ட முன்மேட்டின் பின்னால் தாழைப் புதர்களும், அவற்றுக்கும் பின்னால் புன்னையும் பனையும் இடம் பெறுகின்றன.

இம்மேட்டை அசையாத மதிலாகக் கருதுவது பிழை. களஞ்சியத்தில் சேர்த்த நெல்லைப் பஞ்ச காலத்தில் எடுத்து உண்பதுபோல், புயற்காலத்தில் கடல் மேட்டின் முகப்பை அரித்துச் செல்கிறது. அம்மணல் கரையை ஒட்டிய நீரடியில் திட்டாகப் படிந்து, பின்வரும் அலைகளைத் தொலைவிலேயே உடைக்கிறது. அமைதியான பருவத்தில் அதே மணல் கரைக்குத் திரும்புகிறது; கொடிகள் அதனை மீண்டும் பிடித்து வைக்கின்றன.

மணல்மேடு குடிநீருக்கும் தாயகமாகும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்க இயலும் என்பது நிலத்தடி நீரியல் கூறும் கணக்கு. அழிந்த தனுஷ்கோடியிலும் கைகளால் மணலைத் தோண்டி நன்னீர் எடுப்பது இதனாற்றான். மேட்டைச் சமன் செய்தால் அரணோடு ஊற்றும் போய்விடுகிறது.

சவுக்கின் வருகையும் அதன் விளைவும்

சவுக்கு இம்மண்ணின் மரமன்று. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளுக்குரிய அம்மரம் 19ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் பெருமளவில் நடப்பட்டது. வறண்ட மணலிலும் விரைந்து வளர்வதும், சில ஆண்டுகளிலேயே வெட்டி விற்கத்தக்கதாய் இருப்பதும் அதன் சிறப்புகள். கரையோரத்து எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அது வருவாய் தந்துள்ளது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் தோப்பாக வளர்த்து விற்கும் மரம் வேறு, கரையைக் காக்கும் தாவரம் வேறு. சவுக்கின் உதிர்ந்த இலைகள் தரையைப் போர்வைபோல் மூடிவிடுவதால் அடும்பு போன்ற தரைப்படர்கொடிகள் அதன் கீழ் தழைப்பது அரிது. அலையை ஒட்டி நடப்படும் தோப்புகள் பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடத்தையும் குறைக்கின்றன. அனைத்திற்கும் மேலாக, தோப்பு வெட்டப்படும் ஆண்டில் அரணும் வெட்டப்பட்டுவிடுகிறது. அவ்வாண்டில் புயல் வராது என யார் உறுதி கூற முடியும்?

ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த விவாதம்

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே, 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பகுதியைச் சூறையாடிய கஜா எனத் தமிழகக் கடற்கரையின் அண்மைக்கால வரலாறு பேரிடர்களின் வரிசையாகவே உள்ளது. இவற்றுள் கொடியது 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

அந்நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அண்டையிலிருந்த மீனவச் சிற்றூர் மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்துத் துணைநின்றதை வாசகர்கள் அறிவர். அதே பரங்கிப்பேட்டைக் கரைதான் அடுத்து எழுந்த அறிவியல் விவாதத்திற்கும் களமாயிற்று. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவரோடு இராஜேந்திரனும் 18 கடலோரச் சிற்றூர்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உள்ளிட்ட தாவரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என 2005இல் எழுதினர். கெர், பெயர்ட், கேம்பெல் ஆகியோர் அதே தரவுகளை மறுஆய்வு செய்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே இழப்பின் வேறுபாட்டைப் பெரிதும் விளக்குகின்றன. அவற்றைக் கணக்கில் கொண்டபின் தாவரத்தின் தனிப்பங்கு மிகச் சிறிது என 2006இல் மறுமொழி கூறினர்.

இவ்விவாதம் தாவரத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சிலர் பொருள்கொண்டனர். கூர்ந்து நோக்கினால் அது உணர்த்துவது வேறு. காத்தது உயரம், தாழ்வான கரையில் அவ்வுயரத்தைத் தருவது மணல்மேடு, அம்மேட்டைக் கட்டுவது கொடி. எனவே கொடியின் பணியை அது அலையைத் தடுத்த அந்த ஒரு நாளைக் கொண்டு அளவிடலாகாது. அதற்கு முந்தைய பல்லாண்டுகளில் அது சேர்த்த மணலைக் கொண்டு அளவிட வேண்டும். இலங்கையின் யால பகுதியில், கடற்காட்சிக்காக முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி அழிந்துபோனதைப் பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் பதிவு செய்தது. அகற்றப்பட்டது மரமன்று, மேடு என்பது கருதத்தக்கது.

ஆனால் நிவாரணத்தின் வேகம் இந்நுட்பத்திற்குக் காத்திருக்கவில்லை. வேதாரண்யம் வட்டத்து நாலுவேதபதியில் 2002இல் ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டுச் சாதனை படைத்திருந்தனர். ஆழிப்பேரலையில் அவ்வூர் குறைவான சேதத்தோடு தப்பியது ஊடகங்களில் பரவலாகப் பேசப்பட்டது. மரம் நட்டால் போதும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. உலக வங்கியின் உதவியோடு நடந்த மறுசீரமைப்புப் பணியில் கடற்கரையெங்கும் சவுக்குத் தடுப்புத் தோப்புகள் எழுந்தன. சில இடங்களில் அவற்றுக்காக இயற்கை மேடுகளே சமன் செய்யப்பட்டன. தமிழகக் கடற்கரை மணல்மேடுகளைக் குறித்து 2008இல் ஐக்கிய நாடுகள் குழுவும் ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தோப்புகளையும் மேடுகளுக்கான அச்சுறுத்தல்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மாற்றியமைப்பதைத் தடைசெய்திருந்தும் நிலை இதுவே.

பிற நாடுகள் கற்ற பாடம்

இத்தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தில் கூரை வேய்வதற்காக மணற்புல்லைப் பிடுங்கி வந்த கல்பின் பகுதியின் வளமான பண்ணை நிலங்கள் 1694இல் மணற்புயலில் புதைந்தன. மறு ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் மணல்மேட்டுப் புல்லையும் புதர்களையும் பிடுங்குவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஒரு புல்லைக் காக்க நாடாளுமன்றம் கூடியதென்பது இன்று வியப்பளிக்கலாம். நிலத்தை இழந்தவர்க்கு அது வியப்பாக இருந்திருக்காது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதனினும் நெருங்கிய பாடம் தருகிறது. அங்கு மணலை நிலைநிறுத்துவதற்காக 1946 முதல் 1968 வரை தென்னாப்பிரிக்கப் புதரொன்றை அரசே நட்டது. அது நாட்டுத் தாவரங்களை ஒடுக்கிப் பெருங்களையாயிற்று. கரையோர ஊர்களின் தன்னார்வக் குழுக்கள் பல ஆண்டுகளாக அதனைக் களைந்து, உள்நாட்டுச் செடிகளை நட்டு வருகின்றன. நியூசிலாந்திலும் 1990கள் முதல் ஊர்மக்களின் கடற்கரைக் காப்புக் குழுக்கள் உள்நாட்டு மணற்புற்களை நட்டு மேடுகளை மீட்டு வருகின்றன. அவ்விரு நாடுகளிலும் முன்மேட்டில் முதன்மையாக நடப்படும் புல், நம் இராவணன் மீசையின் நெருங்கிய இனமே.

எண்ணிக்கைக்காக நடுவதன் விளைவை இலங்கை காட்டுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு 23 இடங்களில் 1,000 ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நடப்பட்டது. 2017இல் வெளிவந்த ஆய்வின்படி அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பிழைத்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. மாறாக, நம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு இணைந்து, நடுவதற்கு முன் நீர்ப்போக்கைச் சீர்செய்தன. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, தேங்கிய உப்புநீரை வெளியேற்றியபின் காடு மீண்டது. நிலத்தின் இயக்கத்தை முதலில் மீட்டால் தாவரம் தன் பணியைத் தானே செய்யும் என்பதே இவ்விரண்டையும் ஒப்பிட்டால் கிடைக்கும் உண்மை.

செய்ய வேண்டுவன

மணல்மேட்டுக்கும் இதே நெறி பொருந்தும். அலைக்கு அடுத்த முன்வரிசையை அடும்புக்கும் இராவணன் மீசைக்கும் விட்டுவிட வேண்டும். அடும்பின் கணுத்துண்டுகளை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் ஊன்றினாலே வேர்விடும், பெருஞ்செலவு தேவையில்லை. மேடு சிதைந்த இடங்களில் ஓலைத் தட்டிகளை நிறுத்தினால் காற்று கொணரும் மணல் அங்குச் சேரும். வாகனங்களும் ஆடுமாடுகளும் புகாமல் காத்து, நடப்பதற்கு ஒரு வழியை மட்டும் ஒதுக்கலாம். பின்வரிசையில் தாழை, புன்னை, பனை ஆகியவற்றை நடலாம். கஜா புயலில் தென்னைகள் இலட்சக்கணக்கில் வீழ்ந்தபோது பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்து நின்றதை டெல்டா மக்கள் கண்டனர். கடலோர மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதைகளை நடும் முயற்சி 2023இல் தொடங்கியதும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே. சவுக்கு வளர்ப்போர் அதனைப் பின்னிலங்களில் வளர்ப்பதற்கு இது தடையாகாது.

நடுவது மட்டும் போதாது. மணல் வந்து சேரவும் வேண்டும். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டதும் இதன் விளைவே. வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளிக் கரைகளிலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. அவற்றுக்கும் அப்பால், பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்களும் மீனவரும் அண்டையராய் வாழும் பழவேற்காடு உள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட குறுகிய மணற்கரையே அப்பகுதியின் காப்பு. அங்கு ஒரு பணி திட்டமிடப்படும்போது மணலின் போக்கு என்னாகும் எனக் கேட்பது, அதே மாவட்டத்தில் உள்ள பட்டாபிராம் மக்களுக்கும் உரிய கேள்வியாகும்.

பொதுநலனுக்காக ஒரு நிலப்பரப்பை ஒதுக்கி, அதன் தாவரங்களைக் காக்கும் ‘ஹிமா’ என்னும் முறை இஸ்லாமிய வரலாற்றில் தொன்மையானது. மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ பகுதி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் அவ்வாறு ஒதுக்கப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இம்முறை மேலும் விரிவடைந்தது. நாகூர், பரங்கிப்பேட்டை, தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் எனக் கடலை முகப்பாகக் கொண்ட ஊர்கள் நம்முடையவை. அவ்வூர்களின் ஜமாஅத்துகளும் கல்வி நிறுவனங்களும் மீனவப் பஞ்சாயத்துகளோடு கலந்து, தத்தம் கரையில் எஞ்சியிருக்கும் மேடுகளை முதலில் கணக்கெடுக்கலாம். அவற்றைக் காப்பதற்கு உரியதாக ஒதுக்கலாம். அழிந்த மேட்டை மீட்கப் பல பருவங்கள் காத்திருக்க வேண்டும். இருக்கும் மேட்டைக் காக்க அதனைத் தொடாமல் விட்டாலே போதும். அடுத்த புயலுக்கு முன் செய்யத்தக்க எளிய பணி இதுவே.