ஹாரு: ஒரு குறியின் பயணம்

சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்றொரு குறி உண்டு. ம, ந, ர, ல ஆகிய எழுத்துகளின் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்த ஒலி மூச்சுக்காற்றோடு வெளிவரும். தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாத ஒலி அது. குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான சௌராஷ்டிர மொழியை, வடக்கேயிருந்து வந்த நெசவாளர்கள் தறித்தொழிலோடு கூட்டிவந்தார்கள். நாயக்கர் காலத்தில் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் வேரூன்றினார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், கடைவீதியில் தமிழ் என்ற வழக்கம் அங்கே இன்னும் மாறவில்லை.

பழைய எழுத்துமுறையில் கூட்டெழுத்துகள் மலிந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைக் கைவிட்டு, தமிழைப்போல மெய்யைத் தனியே எழுதும் முறை வந்தது. தொ. மு. இராமராய் அந்த எழுத்திலேயே பாடநூல்களை அச்சேற்றினார். இத்தனை களையெடுப்பிலும் ஹாரு பிழைத்துக்கொண்டது. அந்த ஒலியைக் காட்ட வேறு வழியில்லையே!

ஆனால் சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழா என்ற வழக்கு சமூகத்துக்குள்ளேயே எழுந்தது, இன்றுவரை ஓயவில்லை. எல்லாரும் படித்திருந்தது தமிழ் எழுத்து என்பதால் அதுவே பெரும்பாலும் வென்றது. க, ச, த, ப போன்றவற்றின் தலைமாட்டில், ஒலி வேறுபாட்டைக் காட்ட, 2, 3, 4 என்று சிறு எண்கள் ஏறின. ஹாருவின் இடத்தில் முக்காற்புள்ளி வந்து உட்கார்ந்தது: 'ம:', 'ந:'. இதை நான் குறை சொல்ல மாட்டேன். சௌராஷ்டிரக் கவி நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) கீர்த்தனைகள் இந்தப் புள்ளியோடும் எண்ணோடும்தான் பல வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளுக்குச் சொந்த எழுத்து அந்நியமாகிப்போனது அதற்குக் கொடுத்த விலை. அது பெரிய விலைதான்.

பிறகு யாரும் எதிர்பாராத கதவு ஒன்று திறந்தது. 2008-இல், கணினிக்கான எழுத்துத் தரமான யூனிகோடின் 5.1 பதிப்பில் சௌராஷ்டிர எழுத்துகள் இடம்பெற்றன. அதில் ஹாருவுக்கென்றே ஒரு குறியெண்ணும் உண்டு: ஏ8பி4. அச்சுக்கோப்பவர் வேண்டாம், ஈய எழுத்து வேண்டாம். எழுத்துரு ஒன்றிருந்தால் கைப்பேசியிலேயே எழுதிவிடலாம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சௌராஷ்டிரம் பேசுவோர் 2,47,702 பேர். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று பரவியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில், தமிழுக்கு மேலே ஒரு வரியாவது, மணமக்களின் பெயராவது, அந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாமல் போகலாம். பேத்தி கேட்பாள், கேட்டால் சொல்லிக்கொடுக்க யாராவது கற்றுக்கொண்டாக வேண்டும்.