தனித்திருப்போருக்கும் ஒரு பந்தி

பசித்தவருக்கு உணவளிப்பது ஒன்று. தனித்திருப்பவரைப் பந்தியில் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. முன்னது ஈகை, பின்னது உறவு. இஸ்லாமிய வரலாறு இரண்டையும் போற்றியிருக்கிறது. நாமோ முன்னதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த வறிய தோழர்களைத் திண்ணைத் தோழர்கள் என்பர். எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்கு வந்த உணவில் இவர்களையும் பங்குகொள்ளச் செய்தார்கள். ஏனைய தோழர்கள் இவர்களைத் தத்தம் இல்லங்களுக்கு விருந்தினராய் அழைத்துச் சென்றார்கள். திருக்குர்ஆனின் 'அந்நூர்' அத்தியாயத்து 61ஆம் வசனம் பார்வையற்றோர், முடவர், நோயாளர் ஆகியோரைக் குறிப்பிட்டு, சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று அறிவிக்கிறது. பிறர் அருவருப்பரோ என அஞ்சி ஒதுங்கியிருந்தோரின் கூச்சத்தைப் போக்கவே அது அருளப்பெற்றது என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர்.

1047ஆம் ஆண்டில் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, இப்ராஹீம் நபி (அலை) அடங்கியுள்ள ஹெப்ரோன் நகருக்குச் சென்றார். அங்கே வருவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டியும், ஒலிவ எண்ணெயில் சமைத்த பருப்பும், உலர்திராட்சையும் வழங்கப்பட்டதைக் கண்டு எழுதினார். வந்தவர் வறியவரா செல்வரா என்று எவரும் வினவவில்லை. வந்தவர் விருந்தினர், அவ்வளவே. 1552இல் உதுமானிய சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான் ஜெரூசலத்தில் வக்ஃபு அன்னசாலை ஒன்றை நிறுவினார். சிற்றூர்களின் வருவாய் அதற்கென எழுதிவைக்கப்பட்டதால், அவர் மறைந்த பின்னும் பல நூற்றாண்டுகள் அங்கு அடுப்பெரிந்தது.

தமிழக அரசு 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983இல் முதியோர் உதவித்தொகை பெறுவோரும் சேர்க்கப்பட்டனர். அது வறுமைக்கு மருந்து. தனிமைக்கு மருந்து எது?

குளச்சலிலும் சென்னையிலும் இன்று பல முதியோருக்குப் பணக்குறை இல்லை. பிள்ளைகள் வளைகுடாவில்; பெரிய வீடு; ஒருவருக்கென ஒரு சிறு உலை. ரமலானில் நோன்புக் கஞ்சி ஆண்களை ஒன்றுசேர்க்கிறது. மூதாட்டியோ அதைப் பாத்திரத்தில் வாங்கிச் சென்று வீட்டில் தனியே நோன்பு துறக்கிறார். ஏனைய பதினொரு மாதமும் இருவருக்குமே பந்தியில்லை.

வாரம் ஒருநாள் மதரஸா மண்டபத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமமைத்து ஜமாஅத் ஒரு பந்தி விரிக்கலாகாதா? இயன்றவர் செலவில் பங்கேற்கட்டும். இயலாதவர் பெயரை எவரும் கேட்க வேண்டாம். அது தருமச் சோறாகாது. ஹெப்ரோனில் விரிந்த அதே விருந்துதான் அது.