வேலைநிறுத்தத்துக்கு எதிராக ஒரு கோச்சிப் படை



துப்பாக்கி பிடிப்பவர்கள் மட்டும் இராணுவம் இல்லை. ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்குபவர்களும் இராணுவம்தான். இலங்கையில் கோச்சி ஓட்டுவதற்கென்றே ஒரு தொண்டர் படையணி இருந்தது தெரியுமா?

1953 இல் மானிய அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். கோச்சிகள் நின்றன. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல, 1955 இல் புகையிரத ஊழியர்களையே சேர்த்து இலங்கைப் புகையிரதப் பொறியியல் படையை அமைத்தார். வேலைநிறுத்தம் வந்தாலும் கோச்சி ஓட வேண்டும் என்பதே நோக்கம். தொழிலாளி பணிய மறுக்கலாம். சீருடை போட்டவன் மறுத்தால் அது இராணுவக் குற்றம். 1956 இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்து அதைக் கலைத்தார்.

நமது தலைமன்னார்ப் பாதை 1914 இல் திறந்தது. 1990 இல் யுத்தத்தால் நின்றது. அந்த ஒக்டோபரில் புலிகள் மன்னார் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவுச் சனம் வள்ளங்களில்தான் கற்பிட்டிப் பக்கம் போனது. தலைமன்னாருக்குக் கோச்சி மீண்டும் வர 2015 ஆனது.

வேலைநிறுத்த நாளில் கோச்சி ஓட்ட ஒரு படையே கட்டிய நாடு இது. சனம் துரத்தப்பட்ட நாளில் ஏற்றிப்போக ஒரு பெட்டியும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.