ஸ்பிரிட் தளவுளவியின் ஃபிளாஷ் நினைவகக் கோளாறு

ஸ்பிரிட் தளவுளவியின் ஃபிளாஷ் நினைவகக் கோளாறு என்பது, செவ்வாய்க் கோளின் தரையில் ஆய்வு செய்துகொண்டிருந்த நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியில் 2004 சனவரி 21 அன்று ஏற்பட்ட மென்பொருள் சிக்கல் ஆகும். இதனால் ஊர்தியின் கணினி சில நாள்களில் 60 முறைக்கு மேல் தானாக மறுதொடக்கம் ஆனது. பழுது கண்டறியப்பட்டு, நினைவகம் முழுமையாக அழித்துச் சீரமைக்கப்பட்ட பின் ஊர்தி பிப்ரவரி 6 அன்று வழக்கமான பணிக்குத் திரும்பியது. சிறிய கணினியுடன் பெரிய அழியா நினைவகத்தை இணைக்கும்போது எழும் சிக்கல்களுக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு கூறப்படுகிறது.

பின்னணி

மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத நினைவகம் அழியா நினைவகம் எனப்படும். அதன் ஒரு வகையான ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் சப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. அவர் 1984இல் நார் வகையையும் 1987இல் நேண்டு வகையையும் அறிமுகப்படுத்தினார். அசையும் உறுப்புகள் இல்லாததாலும் எடை குறைவாக இருப்பதாலும் இது விண்கலங்களுக்கும் ஏற்றதாக அமைந்தது.

1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் நிலைகலத்தின் முதன்மைக் கணினி, தரவுகளை 128 மெகாபைட்டு தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்தது. மென்பொருள் பிழையால் அக்கணினி மறுதொடக்கம் ஆனது.

ஊர்தியின் நினைவகங்கள்

ஸ்பிரிட் 2003 சூன் 10 அன்று ஏவப்பட்டு, 2004 சனவரி 4 அன்று குசெவ் கிண்ணக்குழியில் இறங்கியது. அதன் கணினியில் 20 மெகாஹெர்ட்சு வேகமுள்ள ராட் 6000 செயலி, 128 மெகாபைட்டு தற்காலிக நினைவகம், 3 மெகாபைட்டு ஈஈப்ராம், 256 மெகாபைட்டு ஃபிளாஷ் ஆகியவை இருந்தன. விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் இயக்குதளம் பயன்படுத்தப்பட்டது.

சூரிய ஆற்றலில் இயங்கும் இவ்வூர்தி, மின்சாரத்தைச் சேமிக்க இரவில் கணினியை நிறுத்திவிடும். அப்போது தற்காலிக நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். எடுத்த படங்களும் அளவீடுகளும் புவிக்கு அனுப்பப்படும்வரை காத்திருக்க வேண்டும். எனவே ஃபிளாஷ் இன்றியமையாததாயிற்று.

தொடர்பு துண்டிப்பு

சனவரி 21, ஸ்பிரிட் தரையிறங்கியதிலிருந்து 18ஆம் செவ்வாய் நாள். ஊர்தி அடிரொண்டாக் எனப் பெயரிடப்பட்ட பாறையின் அருகே நின்றிருந்தது. அன்று ஆத்திரேலியாவின் கான்பரா அருகேயுள்ள அலைவாங்கி நிலையப் பகுதியில் இடியுடன் மழை பெய்ததால், தொடர்பு கெட்டதற்கு வானிலையே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. பின்னர் ஊர்தியிலிருந்து பயனுள்ள தரவு எதுவும் வராமல் போகவே, பழுது ஊர்தியில்தான் என்பது தெளிவாயிற்று.

மறுநாள், கட்டளை கிடைத்ததைக் குறிக்கும் எளிய ஒலிக்குறிப்பு மட்டும் வந்தது. சனவரி 23 அன்று மிகக் குறைந்த வேகத்தில் சிறிதளவு தரவு கிடைத்தது. கணினி மறுதொடக்கச் சுழற்சியில் சிக்கியிருப்பதும், இரவிலும் உறங்காமல் விழித்திருப்பதும் அதிலிருந்து தெரியவந்தன. இதனால் மின்கலத்தின் ஆற்றல் வீணாகிக்கொண்டிருந்தது. அதே மென்பொருளைக் கொண்ட இரட்டை ஊர்தியான ஆப்பர்சூனிட்டி, சனவரி 25 அன்று தரையிறங்க இருந்தது.

காரணம்

ஃபிளாஷ் நினைவகத்தில் இடம் தீர்ந்துபோனது இதற்குக் காரணம் அன்று. அதன் மின்னணு உறுப்புகளும் பழுதடையவில்லை. சிக்கல் கோப்பு முறைமையில் இருந்தது.

ஊர்தி டாஸ் வகைக் கோப்பு முறைமையைப் பயன்படுத்தியது. கணினி தொடங்கும்போது, ஃபிளாஷில் உள்ள கோப்புகளின் அடைவுப் பட்டியல் தற்காலிக நினைவகத்தில் உருவாக்கப்படும். கோப்புகள் பெருகப் பெருக இப்பட்டியலுக்குத் தேவையான இடமும் பெருகும். ஒரு கோப்பை நீக்கினாலும் அடைவில் அதற்கு ஒதுக்கிய இடம் சுருங்காது. ஏழு மாதப் பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளுடன் தரையில் உருவான கோப்புகளும் சேர்ந்தபோது, தற்காலிக நினைவகத்தில் போதிய இடம் இல்லாமல் போனது.

இரண்டு அமைப்புத் தெரிவுகள் நிலைமையை மோசமாக்கின. ஒன்று, கோப்பு முறைமை வரம்பின்றிக் கூடுதல் நினைவகம் கேட்க இடமளித்தது. மற்றொன்று, நினைவகம் கிடைக்காதபோது பிழைச் செய்தி தருவதற்குப் பதிலாக, கேட்ட பணியையே நிறுத்திவைத்தது. பணி நின்றதைக் கண்ட பாதுகாப்பு நிரல் கணினியை மறுதொடக்கம் செய்தது. தொடங்கியதும் கணினி மீண்டும் அதே ஃபிளாஷை இணைக்க முயன்றது. மீண்டும் அதே பிழை ஏற்பட்டது. ஏவுவதற்கு முன் நடந்த தரைச் சோதனைகள் குறுகிய காலத்தவை என்பதால், கோப்புகள் இந்த அளவுக்குச் சேரும் நிலை அவற்றில் தோன்றவில்லை.

மீட்பு

ஃபிளாஷை இணைக்காமல், தற்காலிக நினைவகத்தின் ஒரு பகுதியையே கோப்புச் சேமிப்பாகக் கொண்டு கணினியைத் தொடங்கும் வழி மென்பொருளில் முன்பே வைக்கப்பட்டிருந்தது. சனவரி 24 அன்று அதற்கான கட்டளை அனுப்பப்பட்டதும் ஊர்தி கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆயினும் இந்த நிலையில் இரவைத் தாண்டித் தரவைச் சேமிக்க இயலாது. எனவே பொறியாளர்கள் தேவையற்ற கோப்புகளை நீக்கினர்; பின்னர் ஃபிளாஷ் முழுவதையும் அழித்துச் சீரமைத்தனர். கோப்புகளின் எண்ணிக்கையைக் கண்காணிப்பது இரு ஊர்திகளின் அன்றாடப் பணியில் சேர்ந்தது. 2004 ஏப்ரலில் இரண்டுக்கும் புதிய மென்பொருள் அனுப்பப்பட்டது.

பிற்கால நிலை

90 செவ்வாய் நாள்களுக்கெனத் திட்டமிடப்பட்ட ஸ்பிரிட், இதன் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. அதிலிருந்து கடைசித் தகவல் 2010 மார்ச் 22 அன்று கிடைத்தது.

ஆப்பர்சூனிட்டிக்கு நேர்ந்தது வேறு வகைச் சிக்கல். ஃபிளாஷ் நினைவகத்தின் சிற்றறைகளை எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அவை சிறிது தேய்கின்றன. பத்தாண்டுகளுக்குப் பின் அவ்வூர்தியின் ஃபிளாஷ் பழுதடைந்தது. 2014 செப்டம்பரில் அதைச் சீரமைத்தும் சிக்கல் நீடித்ததால், பின்னர் தற்காலிக நினைவகத்தை மட்டும் கொண்டு ஆய்வு தொடர்ந்தது. அன்றன்று திரட்டிய தரவை ஊர்தி உறங்குமுன் அனுப்பியாக வேண்டும், அனுப்பாதவை அழிந்துவிடும். ஸ்பிரிட்டை மீட்க உதவிய அதே வழிமுறையே, 2018 சூனில் தொடர்பு நின்றுபோகும்வரை ஆப்பர்சூனிட்டியின் பணி தொடரவும் உதவியது.