காவிரி எழுதிய காலக் கணக்கு

காக்ஸ் டவுனில் இன்று எரியும் விளக்கின் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு நேற்றே ஏலத்தில் விலை கண்டதாக இருக்கலாம். 2008இல் தொடங்கிய இந்திய மின் சந்தை, ஒரு நாளைப் பதினைந்து நிமிடக் கூறுகள் 96 ஆகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அளிப்பும் தேவையும் சந்திக்கும் விலையைக் கணிக்கிறது. வீட்டுக்காரர் அந்த விலையைக் காண்பதில்லை. அவருக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டணம்தான்.

ஏலம் தோன்றுமுன்பே இந்நகருக்கு மின்சாரம் தந்த காவிரியில் இக்கணக்கு தொடங்கிவிட்டது. 1902 ஜூனில் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. விளக்குக்கு மாலை மட்டும் போதும். சுரங்கத்துக்கோ இரவு பகல் ஓயாத் தேவை. ஆனால் கோடையில் ஆறு மெலிந்தது. இன்றைய சந்தையில் விலை ஏறித் தேவையைக் குறைத்திருக்கும். அன்று நீண்டகால ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை. எஞ்சிய வழி, மழைக்கால நீரைக் கோடைக்கு நகர்த்துவது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் பாசனத்தோடு இதுவும் ஒன்று.

பொறியாளரின் சமன்பாட்டில் நீரைத் தேக்குவது வெறும் காலமாற்றம். தஞ்சை உழவருக்கோ ஜூன் மாத நீர் ஜூனிலேயே வேண்டும். பிந்தி வந்தால் குறுவை இல்லை. சென்னை மாகாணம் எதிர்த்தது. வழக்கு இழுபட்டு 1924 உடன்படிக்கையில் முடிந்தது. மாதத்துக்கு மாதம் மாறும் மேலணை நீர்மட்டங்களைக் கொண்டு, மைசூர் எப்போது நீரைத் தேக்கலாம் என அது வரையறுத்தது.