போர்க்களத்தில் ஒரு பண்ணை: ஹூகோமோனும் வரலாற்று நினைவும்

பெரும்போர்கள் வரலாற்றிலே அரசர்களின் பெயராலும் தளபதிகளின் பெயராலும் நினைக்கப்படுகின்றன. அப்போர்கள் நிகழ்ந்த நிலத்தை உழுதவர் யார், போருக்கு முந்திய நாள் அங்கு யார் உறங்கினர், போருக்குப் பிந்திய ஆண்டு அங்கு என்ன விளைந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. வாட்டர்லூப் போர்க்களத்தின் மேற்கு ஓரத்தே அமைந்த ஹூகோமோன் பண்ணையின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தரவல்லது. போரரணாகவும், எரிந்த இடிபாடாகவும், உழவர் மனையாகவும், ஈற்றில் பயணிகள் இரவு தங்கும் விடுதியாகவும் அது மாறிவந்துள்ளது. இம்மாற்றங்களினூடே மறைந்தவை எவை, எஞ்சியவை எவை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சுக்குத் தெற்கே அமைந்த இப்பண்ணை, 1815 இல் மாளிகை, சிற்றாலயம், களஞ்சியங்கள், தொழுவம், தோட்டக்காரன் வீடு ஆகியவற்றைக் கொண்டிருந்தது. இவற்றை அடுத்து மதில் சூழ்ந்த தோட்டமும் பழமரச் சோலையும் இருந்தன. தெற்கே ஒரு காடு பரந்திருந்தது. நிலவுடைமையாளரான முதிய பிரபு அங்கு வாழவில்லை. நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. போர் நெருங்கியபோது மனையில் இருந்தோர் அகன்றனர். கியோம் வான் கட்செம் என்னும் தோட்டக்காரர் மட்டும் பின்தங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. உரிமையாளன் தொலைவிலும் உழைப்பாளி களத்திலும் இருந்த இந்நிலை அக்கால ஐரோப்பிய நிலவுடைமை முறையின் இயல்பை எடுத்துக்காட்டுவதாகும்.

1815 யூன் 18 ஆம் நாள் முற்பகல் 11.30 மணியளவில் பிரெஞ்சுப் படையின் முதல் தாக்குதல் இப்பண்ணையின் மீதே தொடங்கியது. நெப்போலியனின் தம்பி ஜெரோம் பொனபார்ட்டின் படைப்பிரிவு காட்டினூடாக முன்னேறிற்று. பண்ணையைக் காத்தோர் பிரித்தானியக் காவற்படையினர் மட்டுமல்லர். நசாவு, ஹனோவர் ஆகிய ஜேர்மன் நாடுகளின் வீரரும் அவர்களுள் அடங்குவர். இவர்களை ஆங்கில நூல்கள் நெடுங்காலம் ஓரஞ்சாரத்திலேயே வைத்திருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. வெலிங்டனின் சேமப்படையை இப்பக்கம் இழுப்பதே பிரெஞ்சுத் தாக்குதலின் நோக்கமெனக் கொள்வர். நிகழ்ந்ததோ மறுதலையானது. சிறு காவற்படையொன்றை வெல்லும் பொருட்டுப் பிரெஞ்சுப் படையணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கு செலவாயின.

ஒரு கட்டத்தில் லெக்ரோ என்னும் பிரெஞ்சு அதிகாரி கோடரியால் வடக்கு வாயிலைப் பிளக்க, சில பத்து வீரர் உள்ளே புகுந்தனர். லெப்டினன்ட் கேணல் மக்டொனெலும் அவருடன் நின்ற சிலரும் தோள்கொடுத்துக் கதவை மூடினர். உள்ளே அகப்பட்டோர் கொல்லப்பட்டனர். முரசறையும் சிறுவன் ஒருவன் மட்டுமே பிழைத்தான் என்பர். பிற்பகலில் பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டுகளால் மாளிகையும் களஞ்சியமும் தீப்பற்றின. அங்கு கிடத்தப்பட்டிருந்த காயமுற்றோர் பலர் வெளியேற இயலாது எரிந்து மாண்டனர். சிற்றாலயத்துட் புகுந்த தீ, வாயிலின் மேலிருந்த மரச் சிலுவையுருவின் பாதங்களைக் கருக்கியதோடு அணைந்தது. இதனை அற்புதமெனப் போற்றினர் பலர். சுவருக்கு அப்பால் எரிந்தோரைப் பற்றி அவ்வற்புதக் கதை எதுவும் பேசுவதில்லை.

போர் முடிந்த சில வாரங்களிலேயே பயணிகள் வரலாயினர். சேர் வோல்ற்றர் ஸ்கொட் அவ்வாண்டு ஓகஸ்டில் வந்தார். போரில் ஈடுபட்ட எட்வேர்ட் கொட்டன் என்னும் படைவீரர் பின்னர் இக்களத்திலேயே குடியேறி வழிகாட்டியாகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். நினைவுப் பொருட் காட்சிச்சாலையொன்றையும் நடத்தினார். 1849 இல் இறந்த அவர் ஹூகோமோனிலேயே முதலில் அடக்கம் செய்யப்பட்டார். 1861 இல் விக்ரர் ஹியூகோ அண்மையிலுள்ள மோன்-சன்-ஜானில் ஒரு விடுதியிலே தங்கித் தமது ‘லே மிசராப்’ நாவலை நிறைவு செய்தார். பண்ணைக் கிணற்றினுள் முந்நூறு பிணங்கள் எறியப்பட்டன என்று அந்நாவல் கூறிற்று, உலகம் நம்பிற்று. பிற்காலத்தே அக்கிணற்றை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் கிடைக்கவில்லை. இலக்கியத்தின் ஆற்றல் வரலாற்றுச் சான்றினை விஞ்சி நிற்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அவ்வாறாயின் மாண்டோர் எங்கே? அன்று மாண்டோரும் காயமுற்றோருமாக 40,000 இற்கு மேற்பட்டோர் வீழ்ந்த களத்திலே, அகழ்வாய்வாளர் கண்டெடுத்த முழு எலும்புக்கூடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2022 இல் வெளிவந்த ஆய்வுகள் இப்புதிருக்கு ஒரு விளக்கம் தந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எலும்பு விலைபோகும் பண்டமாயிற்று. அரைத்தால் வயலுக்கு உரம். கரியாக்கினால் பீற்றூட் சீனியை வெண்மையாக்கும் வடிபொருள். 1830 களில் இப்பகுதியிற் சீனித் தொழில் வளர்ந்தபோது போர்க்களப் புதைகுழிகள் தோண்டப்பட்டன என அவ்வாய்வாளர் வாதிட்டுள்ளனர். தளபதிகளுக்குச் சிலைகள் எழுந்த அதே காலத்திலே சாதாரண வீரனின் எலும்பு சந்தைக்குச் சென்றது. வாழ்ந்தபோது கூலிக்குப் போரிட்டவன் இறந்தபின்னும் மூலப்பொருளானான் எனின் அது மிகையாகாது.

பண்ணையோ தன் தொழிலுக்கு மீண்டது. எரிந்த மாளிகை மீளக் கட்டப்படவில்லை, காடும் அழிந்தது. எஞ்சிய கட்டடங்களில் உழவர் வாழ்ந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பயிர்த்தொழில் தொடர்ந்தது. 2003 இல் போர்க்களத்தைப் பராமரிக்கும் பொது அமைப்பு இதனை வாங்கியது. சிதைந்து கிடந்த கட்டடங்கள் திருத்தப்பட்டு, இருநூறாண்டு நிறைவையொட்டி 2015 யூனில் மக்களுக்குத் திறக்கப்பட்டன. தெற்கு வாயிலையொட்டிய தோட்டக்காரன் வீட்டிலே பயணிகள் தங்கத்தக்க இல்லமொன்றும் அமைக்கப்பட்டது. பிரித்தானியாவின் லாண்ட்மார்க் அறக்கட்டளை அதனை வாடகைக்கு விடலாயிற்று. குண்டுத் தழும்பேறிய சுவரும், துப்பாக்கி நீட்டுவதற்கெனத் துளையிடப்பட்ட தோட்ட மதிலும் அங்கு தங்குவோர் கண்ணெதிரே உள்ளன.

இப்போர் இலங்கைக்கு முற்றிலும் அயலானதன்று. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது 1815 மார்ச் 2 ஆம் நாள். வாட்டர்லூ மூன்றரை மாதங்களின் பின் நிகழ்ந்தது. பிரித்தானியரின் 73 ஆம் படைப்பிரிவின் இரண்டாவது பட்டாளம் வாட்டர்லூவில் நின்றபோது அதன் முதலாவது பட்டாளம் இலங்கையில் நிலைகொண்டிருந்தது. 1817-18 இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்குவதிலும் பங்குகொண்டது. ஐரோப்பாவிலே பேரரசன் ஒருவனின் ஆதிக்கத்தை முறித்ததாகப் பெருமை கொண்ட அதே வல்லரசு, இங்கு ஓர் அரசின் சுதந்திரத்தை முடித்துவைத்தது. வாட்டர்லூவின் நினைவுக்கு வாயில்களும் தூண்களும் எழுந்தன. ஊவாவில் எரிக்கப்பட்ட கிராமங்களின் உழவருக்கு அத்தகைய நினைவு வாய்க்கவில்லை.

போர் நிகழ்ந்த இடத்திலே வாடகை கொடுத்து உறங்குவது முறையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. துயரம் வணிகமாதல் கண்டிக்கத்தக்கது. எனினும் பயன்பாடற்ற கட்டடம் இடிந்து மறையும் என்பதும் உண்மை; மறைந்த கட்டடத்தோடு சான்றும் மறையும். ஆகவே, தங்குவோருக்கு அவ்விடம் எதனைச் சொல்கிறது என்பதே வினா. வாயில் மூடிய வீரத்தை மட்டும் சொல்லுமாயின் அது பழைய புகழ்ப்பாட்டின் தொடர்ச்சியே. 2015 முதல் இக்களத்தில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளில், அண்மைக்காலப் போர்களில் உடலும் உள்ளமும் காயமுற்ற முன்னாட் படையினரும் பங்கேற்றனர். 2019 இல் மோன்-சன்-ஜான் பண்ணையருகே, போர்க்கால மருத்துவர் வெட்டியகற்றிய கால்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அப்பண்ணையே அன்று மருத்துவமனையாக இருந்தது. காயமுற்றவர் காயமுற்றவரின் எச்சங்களைத் தோண்டியெடுத்த அக்காட்சி எந்த நினைவுத்தூணும் கூறாத உண்மையைக் கூறுகின்றது.

போர்க்களங்களுள் வாழ்ந்த எளிய மக்களின் வீடுகளையும் வயல்களையும் கிணறுகளையும் ஆய்வுக்குரிய சான்றுகளாகக் கொள்ளும்போதே போரின் வரலாறு முழுமை பெறும். மாளிகை எரிந்து போயிற்று; பிரபுவின் வழியும் விலகிற்று; எஞ்சி நிற்பது தோட்டக்காரன் வீடே. அவ்வீட்டிலே ஓர் இரவு தங்குபவன் வெலிங்டனை நினைப்பதினும் அத்தோட்டக்காரனையும், பெயரின்றி மண்ணில் வீழ்ந்து மண்ணிலும் நிலைக்கப் பெறாதோரையும் நினைப்பானாயின், அத்தங்கல் பயனுடையதாகும்.